சஹனில் ஒரு பக்கம்

இந்த நினைவு மலர் கைக்கு வந்ததும் நம் உறவினர்களில் பாதிப்பேர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆள்ட படத்தப் போட மறந்துட்டீங்களா?" என்று கேட்பீர்கள் என எனக்குத் தெரியும். மறக்கவில்லை. அட்டையில் இருப்பது, சிலர் ஒன்றாகச் சுற்றியிருந்து உண்ணும் பெரிய சோற்றுச் சஹனும் அதைச் சுற்றிச் சில பெண்களின் கைகளும்தான். முகம் எதுவும் இல்லை. ஆனாலும் அது ராத்தாவின் படந்தான். அது எப்படி என்று சொல்லும் பொறுப்பு அவருடைய ஒரே தங்கையான என் தலையில் விழுந்திருக்கிறது.

ராத்தா பாலமுனையில், கடலுக்குக் கிட்டிய வளவொன்றில் பிறந்தார். வாப்பாவுக்குச் சாகாமத்தில் வயல். விளைச்சல் நன்றாக இருந்த வருடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே துணியில் சட்டை தைப்பார்கள். ராத்தாவின் சட்டை அடுத்த வருடம் எனக்கு வரும். ஆகவே நான் ஒரே பூப்போட்ட சட்டையில் நெடுங்காலம் வளர்ந்தவள். இதைச் சொல்லிச் சொல்லி ராத்தா சிரிப்பார்.

சுனாமியில் வீடு போனது. அல்லாஹ்வின் அருளால் எங்கள் உயிர்கள் தப்பின. உம்மா சட்டிபானைக்கு அழவில்லை, நகைக்கும் அழவில்லை. கலியாண அல்பம் போய்விட்டதே என்றுதான் கூடாரத்தில் இருந்து அழுதார். பின்னாளில் ராத்தாவின் கணவரான மச்சான் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தபோது, ராத்தா தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டது கமரா ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கலியாண வீடுகளில் கமராக்காரர் திரைச்சீலையோடு நின்றுவிடுவார். பெண்கள் பக்கத்தில் எடுக்க ஆளில்லை. அங்கே ராத்தா நுழைந்தார். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை எத்தனையோ மணமகள்களை எடுத்தார். ஆனால் ஒருவரையும் "இப்படித் திரும்புங்க, சிரிங்க" என்று அவர் சொன்னதே இல்லை. "புள்ளையக் கொஞ்சம் நிமிரச் சொல்லுங்களன்" என்று தாய்மார் கெஞ்சினால், "அவ நிமிர்ற நேரம் எடுக்கன்" என்பார். மணமகள் கொட்டாவி விட்டால் அதுவும் அல்பத்தில் வரும். மாமியார் ஒருவர் மருமகளின் மாலையைத் தூக்கிப் பாரம் பார்த்ததும் அப்படித்தான் வந்தது. அந்த வீட்டில் சிலநாள் கதை பேச்சு இல்லாமல் போனதாகக் கேள்வி.

நானோ சித்திர ஆசிரியை. நடந்ததை எடுப்பதில் எனக்கு ருசி இல்லை. மனதில் ஒன்றை நினைத்து, அதற்கான பொருளைத் தேடி, வைக்கவேண்டிய இடத்தில் வைத்து எடுப்பேன். ராத்தா எடுப்பதை ஆவணப் படம் என்றும் நான் எடுப்பதைக் கருத்துருப் படம் என்றும் புத்தகங்களில் சொல்வார்கள். ராத்தா புத்தகம் வரை போகவில்லை. "என்ட நடந்த படம், உன்ட நினைச்ச படம்" என்று பிரித்துவிட்டார்.

ஒருமுறை, போன வீட்டை நினைத்து, ஒரு பழைய கதவைக் கடற்கரை மணலில் நிறுத்தி எடுக்க ஆசைப்பட்டேன். கதவைச் சுமந்தவர் என் கணவர். மீன்பிடிக்காரர்கள் சுற்றி நின்று, "கதவு விக்கிறதுக்கா?" என்று கேட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த ராத்தா தன் கமராவையும் எடுத்தார். என் படத்தில் மணல், கடல், தனியே ஒரு கதவு. ராத்தாவின் படத்தில் அதே கதவைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு, வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தோடு நிற்கும் என் கணவர்.

"இதுல வீடு எங்க இரிக்கு ராத்தா?" என்றேன்.

"உன்டதுல மனிசன் எங்க இரிக்கு?" என்றார்.

இந்த வழக்கு எங்களுக்குள் கடைசிவரை தீரவில்லை. அதைத் தீர்க்கும் அவசரமும் இருவருக்கும் இருக்கவில்லை.

ராத்தா வபாத்தாகி ஒரு வருடம் நிறைகிறது. மலர் போடுவது என்று முடிவானதும் அட்டையில்தான் சண்டை தொடங்கியது. ஊரையே எடுத்தவருக்குத் தன் படம் என்று ஒன்றில்லை. மச்சான் அடையாள அட்டைப் படத்தைப் போடச் சொன்னார். அதில் ராத்தா அரசாங்கத்தோடு கோபித்துக்கொண்டவர் போலிருப்பார். நான் அவருடைய கமராவை வெள்ளைச் சுவரில் மாட்டி, பக்கத்தில் அவருடைய முக்காட்டுத் துணியைத் தொங்கவிட்டு ஒன்று எடுத்தேன். எனக்கு அது நன்றாகவே பட்டது. ராத்தாவின் மகள் பார்த்துவிட்டு, "சாச்சி, இது உங்கட படம். உம்மாட இல்ல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது சரி.

ராத்தா எடுத்த ஒன்றையே போடலாம் என்றால், வீட்டில் ஒரு படமும் இல்லை. பெண்கள் பக்கத்துப் படம் அமானிதம், நம்பித் தந்த பொருள் என்பார் அவர். எல்லாவற்றையும் கலியாண வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுத் தன்னிடமுள்ளதை அழித்துவிடுவார். கேட்டுக் கேட்டு அலைந்தோம். கிடைத்தவற்றிலெல்லாம் பெண்களின் முகங்கள். அச்சில் போட முடியாது. அப்போதுதான் ராத்தா கடைசியாக எடுத்த கலியாணத்தின் மணமகளுடைய தாயார் கல்முனையிலிருந்து வந்து, போனில் இந்தப் படத்தைக் காட்டினார். "ஒரு பக்கம் வெறுமையாக் கிடக்கெண்டு அல்பத்துல போடாம விட்டுட்டம்" என்றார்.

அட்டையைப் பாருங்கள். கையொன்றும் இல்லாத அந்த வெறும் பக்கத்தில் சோறு பாதி தின்னப்பட்டிருக்கிறது. அதுதான் ராத்தாவின் பக்கம். சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோய் எடுத்திருக்கிறார். அவர் பக்கத்துச் சோற்றை ஒரு கையும் தொடவில்லை. நோய் முற்றியிருந்தது அவருக்குத் தெரிந்த நாட்கள் அவை. தான் இல்லாத இடத்தைத் தானே எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், ராத்தாவும் கடைசியில் நினைச்ச படம் எடுத்துவிட்டார் என்று நான் அழுதேன். வழக்கில் வென்றுவிட்டேன் என்ற எண்ணமும் கூடவே வந்தது, மறைப்பானேன்.

அச்சக உரிமையாளர், "இடம் சும்மாதானே கிடக்கு" என்று அந்த வெறும் பக்கத்தில் ரோசாப்பூக்களும் அடையாள அட்டைப் படமும் ஒட்டி அனுப்பினார். எடுக்கச் சொன்னோம். முகம் கோணாமல் எடுத்துத் தந்த அவருக்கு நன்றி. ராத்தாவைத் தங்கள் தாயைப் போல் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கூப்பிட்ட உடனே வந்து இரத்தம் தந்த ஆலையடிவேம்பு நண்பர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய அயலவர்களுக்கும், ஜனாஸாவில் கலந்துகொண்ட அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

படத்தைத் தந்த தாயாருக்கு நேரில் நன்றி சொல்லப் போனேன். போன இடத்தில், அப்படி ஓர் இடத்தை விட்டு எடுக்க ராத்தா முன்பே நினைத்திருந்தாரா என்று கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

"நினைக்கிறதுக்கு என்ன இரிக்கு? எங்கட கையெல்லாம் வடிவா இரிக்கெண்டு ஒழும்பி எடுத்தா. பொறகு வந்து குந்தி, அவட பக்கத்த முழுக்கத் திண்டா. வட்டிலப்பம் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினா."

ஓம், நடந்த படந்தான். வழக்கில் நான் தோற்றுவிட்டேன். இப்படித் தோற்றதில் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று ராத்தாவிடம் சொல்ல முடியாததுதான் குறை. இன்று ராத்தாவுக்காக ஓதும் வருடக் கத்தத்தில் சஹனைச் சுற்றி அமரும் நீங்களும் உங்கள் உங்கள் பக்கத்தை மிச்சம் விடாமல் சாப்பிட்டு, ராத்தாவின் மறுமைக்காகத் துஆச் செய்யுங்கள். வட்டிலப்பம் நிறையச் செய்திருக்கிறோம்.