மூணு வாளி நாகவல்லி

பெல் அடித்துப் பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினதும், நாகவல்லி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எச்சில் வாளிக்குள் கரண்டியை விடுவாள். மேலே கிடப்பதைத் தள்ளிவிட்டு அடியில் கிடப்பதைப் பார்ப்பாள். கூடச் சமைக்கிற ராஜம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

"இன்னாக்கா, அதுக்குள்ள மோதிரத்த உட்டுட்டியா?"

"துன்னவன் நல்லாகீதுன்னு பொய் சொல்வான்டி. வாளி சொல்லாது."

மேனாம்பேட்டில் ஒரு பள்ளிக்கூடம். சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் கேன்டீன். காலை பத்து நாற்பதுக்குப் பதினைந்து நிமிஷம் இடைவேளை. அங்கே படிக்கிறதுகளில் பாதி வெறும் வயிற்றோடு வருகிறவை. அம்மா ஏழு மணிக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனிக்கு பஸ் ஏறியிருப்பாள். அப்பா நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் படுத்திருப்பார். அதுகளுக்கு அந்தப் பதினைந்து நிமிஷம்தான் காலைச் சாப்பாடு.

நாகவல்லிக்கு ஐம்பத்திரண்டு வயது. குள்ளம். இடது மணிக்கட்டில் ஆம்பிளை வாட்ச். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் பதினான்கு வருஷம் சமைத்ததற்கு வழியனுப்பும்போது கொடுத்தது. வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முக்காலி கொண்டுவந்து போட்டாலும் அதன்மேல் வெங்காயக் கூடையைத் தூக்கி வைத்துவிடுவாள். கேட்டால், "உக்காந்தா இடுப்பு சொகம் கண்டுக்கும். அப்பால எய்ந்துக்காது" என்பாள்.

போன ஐப்பசி மழையில் கேன்டீன் குப்பை ஊறி, எட்டாம் வகுப்பு ஜன்னல் வரைக்கும் நாறியது. தாளாளர் உலகநாதன் குடையோடு வந்து நின்றார்.

"மூணு வாளி, நாகவல்லி. தெனம் மூணு வாளி கொட்டுது. பசங்களுக்குப் புடிக்கலன்னா எதுக்கு சமைக்கணும்? அரையாண்டு லீவுக்குள்ள பாக்கறேன். இல்லன்னா பாக்கெட் கடைக்கு விட்டுடறேன். பிரிச்சமா, தின்னமான்னு போயிடும்."

சிப்ஸ் பாக்கெட்டில் பாதி காற்று. வெறும் வயிற்றுப் பிள்ளைக்குக் காற்றும் உப்பும் போதும் என்று சொல்கிறவர், காலையில் நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு வந்தவராகத்தான் இருப்பார்.

நாகவல்லி அடுப்புக்குத் திரும்பினாள். முதலில் ராஜம்மாவின் உப்பைச் சந்தேகப்பட்டாள். அப்புறம் மிளகாயைக் குறைத்தாள். அரிசியை மாற்றினாள். தக்காளி சாதம் போட்டாள். வாளி மட்டும் அப்படியே நிரம்பியது. அதில் கிடந்ததுதான் அவளைக் குழப்பியது. இட்லியில் ஒரு கடி, அவ்வளவுதான். பொங்கலில் விரல் பட்ட குழி ஒன்று, மீதி முழுசு. பிடிக்காத பிள்ளை ஒரு வாய் வைத்துத் துப்பியிருக்கும். இங்கே துப்பினது ஒன்றுமே இல்லை.

ஒரு நாள் மூன்றாம் வகுப்பு யுவராணி சுவரோரம் நின்று பொங்கலை ஊதிக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்பியிருந்தன. ஒரு வாய் வைத்தாள், ஆ ஆ என்று வாயைத் திறந்துகொண்டாள். மறுபடி ஊதினாள். பெல் அடித்தது. தட்டை வாளியில் கவிழ்த்தாள்.

"இன்னாமா, நல்லால்லியா?"

"நல்லாத்தான் கீது ஆயா. சுடுது. லேட்டா போனா மிஸ்சு வெளிய நிக்க வைப்பாங்கோ."

மறுநாள் இடைவேளைக்கு நாகவல்லி தானே தட்டெடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்ற ஒன்பதாம் வகுப்புப் பையன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா ஆயா, அட்மிஷன் போட்டுட்டியா?"

"ஆமா நைனா, ஒன் பக்கத்து பெஞ்சுதான். தள்ளாம நில்லு."

வாட்சைப் பார்த்தாள். சோறு போடுகிற ஜன்னலுக்கு வந்து சேர ஒன்பது நிமிஷம். ராஜம்மா கொதிக்கக் கொதிக்கப் போட்டாள். மீதி ஆறு நிமிஷத்தில் நாலு வாய்தான் இறங்கியது, நாக்கும் பொத்துப்போனது. பெல் அடித்தது. அவளும் தட்டோடு வாளிக்கு முன்னால்தான் நின்றாள்.

தப்பு எங்கே என்று அப்போது புரிந்தது. கம்பெனி கேன்டீனில் ஆவி பறக்கவில்லை என்றால் தட்டு பறக்கும். அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆம்பிளைகள். அந்தப் பெருமையை அப்படியே கட்டிக்கொண்டு வந்து, எட்டு வயதுப் பிள்ளைக்குப் போட்டிருக்கிறாள். உப்பும் சரி, புளியும் சரி. கெடுத்தது அவளுடைய கைச்சூடு.

அடுத்த நாளிலிருந்து பத்து மணிக்கே சாதத்தை இறக்கி, பெரிய தாம்பாளங்களில் பரப்பச் சொன்னாள். வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் வைத்தாள். ராஜம்மா கரண்டியைக் கீழே போட்டாள்.

"ஆறின சோறு போடறதுக்கு நான் எதுக்குக்கா? சாவு ஊட்டுல கூட சுடச்சுடதான் போடுவாங்கோ. நாளைக்கு என் மூஞ்சில காறித் துப்பமாட்டாங்கோ?"

"ஒன் புள்ளைக்கு எப்புடி ஊட்டுன?"

"ஊதி ஊதிதான்."

"இங்க முன்னூறு புள்ள கீது. நம்ம ரெண்டு பேரு வாயி பத்தாதுன்னு ஃபேனு ஊதுது. கரண்டிய எடு."

சின்ன வகுப்புகளுக்குத் தனி ஜன்னல் கேட்டாள். சுவரை உடைக்க முடியாது என்றார் உலகநாதன். உடைக்கச் சொல்லவில்லையே என்று, பின்பக்கக் கதவைத் திறந்து குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டுவிட்டாள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அங்கே. பெரிய பையன்களின் முழங்கை அந்தப் பக்கம் வராது. முதலில் அரைக் கரண்டிதான். பத்தவில்லை என்றால் மறுபடி வரலாம்.

மூன்று வாளி இரண்டாயிற்று. பிறகு ஒன்று.

அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின நாள், உலகநாதன் சொன்னபடி வந்தார். கூட பாக்கெட் கடை கோவிந்தராஜ், இடத்தை அளக்க டேப்போடு. அன்றைக்குச் சாம்பார் சாதம். இரண்டு பக்கமும் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. யுவராணி காலித் தட்டை நீட்டிக்கொண்டு, "மறுக்கா ஆயா" என்றாள். பெல் அடித்தது. வகுப்புக்கு ஓடின பிள்ளைகள் எல்லாம் நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டு ஓடின.

உலகநாதன் நேராக வாளிக்குப் போய்க் குனிந்தார். முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை, நாலைந்து வரமிளகாய். வாளியின் அடி தெரிந்தது.

"மத்த ரெண்டு வாளி எங்கம்மா?"

"வெயில்ல காயுது சார். அதுங்களுக்கு வேல இல்ல."

கோவிந்தராஜ் டேப்பைப் பாதி இழுத்தபடி, "சார், அளக்கட்டுமா?" என்றார்.

"சுருட்டுய்யா" என்றார் உலகநாதன். பிறகு குரலைத் தணித்து, "எனக்கும் ஒரு தட்டு போடேன், நாகவல்லி" என்றார்.

"சின்னப் புள்ளைங்க லைன்ல வாங்க சார். அங்கதான் சீக்கிரம் கெடைக்கும்."

உலகநாதன் சுற்றிக்கொண்டு பின்பக்கக் கதவுக்குப் போனார். இரண்டாம் தரமும் வாங்கினார் என்று ராஜம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

அவர்கள் போனதும் ராஜம்மா அடுப்போரம் மூடி வைத்திருந்த ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "இது ஒனக்கு. ஒன் வாயிக்கு ஃபேனு வேணாம்." சாதத்தில் ஆவி பறந்தது.

நாகவல்லி வெயிலில் காய்ந்துகொண்டிருந்த வாளி ஒன்றை எடுத்து வந்தாள். தரையில் கவிழ்த்துப் போட்டாள். வாட்சைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வாளிமேல் உட்கார்ந்தாள்.