சொசேஜ் அறையில் பால் காய்ச்சிய கதை

வைகாசிச் சனிக்கிழமை. சிட்னி வெஸ்ட்மீடிலிருந்து விடியுமுன் கிளம்பி, சென்ட்ரலில் மெல்பேர்ன் ரயிலைப் பிடித்தேன். மடியில் புதுப் பித்தளைப் பானை. எதிரே இருந்த பெண், "இது எதற்கு?" என்று கேட்டாள். "தம்பி வீட்டில் பால் பொங்க வைக்க" என்றேன். மேலே கேட்கப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தம்பி சுகந்தன் மெல்பேர்னில் கணக்காளர். ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடிப்பான். அப்படிப்பட்டவன் போன வருடம் மெல்பேர்னிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில், மிர்ட்டில்ஃபோர்ட் பக்கம், புகையிலை பயிரிட்ட ஒரு இத்தாலியக் குடும்பம் கட்டிய பழைய செங்கல் வீட்டை வாங்கி, யூடியூப் பார்த்துத் தானே திருத்திக்கொண்டிருந்தான். அவன் மனைவி பிரேமா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கெடு வைத்தாள். ஞாயிறு காலை எட்டிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். அதற்குள் அந்த வீட்டில் பால் பொங்கவேண்டும். பொங்காவிட்டால் வீட்டை விற்றுவிட வேண்டும். வைகாசியை விட்டால் ஆனி, ஆடி என்று நாள் இழுபடும். இன்னொரு குளிர்காலத்தையும் அவன் அங்கே சுவர் பூசியே ஓட்டுவதை விட அவள் தயாரில்லை.

மாலை நாலு மணி தாண்டி வங்கராட்டாவில் இறங்கினேன். சுகந்தன் தலையெல்லாம் சுண்ணாம்போடு நின்றான். அங்கிருந்து வீட்டுக்குக் காரில் நாற்பத்தைந்து கிலோமீட்டர். வழி நெடுக இலை கொட்டிய பொப்லார் மரங்கள், திராட்சைத் தோட்டங்கள், தூரத்தில் நீலமாய் பஃபலோ மலை. எனக்குப் பார்த்துத் தீரவில்லை.

"பிளாஸ்டர் காஞ்சிட்டுதோடா?"

"காயும் அக்கா."

"எப்ப பூசினனி?"

"ஒரு மாசம் இருக்கும்."

நான் மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

வீட்டின் வடக்குப் பக்கம் அகலமான ஜன்னலும் விறகடுப்புமாக சமைக்க நல்ல குசினி ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு, வாஸ்துப்படி தென்கிழக்கு மூலை அறையைக் குசினியாக மாற்றியிருந்தான். அக்கினி மூலையாம். உள்ளே போனதும் கம்பளிச் சட்டைக்குள்ளேயே நடுங்கினேன். சுவரைத் தொட்டேன், விரல் நனைந்தது. கூரையில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். ஒன்றில் தூக்குவிளக்கு, மற்றவற்றில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம்.

"கொக்கி முதலே இருந்ததக்கா. நல்ல வசதி" என்றான் பெருமையாக.

பிரேமா இரவே மெல்பேர்னிலிருந்து வந்து சேர்ந்தாள். ஞாயிறு விடிந்தபோது புல்லெல்லாம் உறைபனி. வேலிக்கு அப்பால் குடியிருக்கும் ரோசா வந்தார். எழுபதை நெருங்குபவர், சுகந்தன் வாங்கிய வீட்டிலேயே பிறந்தவர். கையில் கேக், கக்கத்தில் விறகு. வந்திருப்பவர்கள் குளிரில் விறைத்துப்போவார்கள் என்று சொல்லி, யாரும் கேட்காமலே பழைய குசினியில் அடுப்பை மூட்டினார்.

நாங்கள் அக்கினி மூலையில் சாமிப்படம் வைத்து, கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற சின்ன கேஸ் அடுப்பில் பாலை ஏற்றினோம். ஈரச் சுவரில் நல்ல அடுப்பைப் பொருத்த முடியவில்லை. கேஸ் குப்பியோ இரவு முழுக்க வெளியே கிடந்து குளிர்ந்திருந்தது. சுடர் சுருங்கிக்கொண்டே போனது. எட்டரை ஆயிற்று. பால் ஆடை கட்டியதே தவிர அசையவில்லை. சுகந்தன் குப்பியைக் கட்டிப்பிடித்துச் சூடேற்றப் பார்த்தான். பிரேமா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அப்போது எங்களைத் தேடி வந்த ரோசா, அடுப்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"இங்கேயா சமைக்கிறீர்கள்? இது அப்பா சொசேஜ் தொங்கவிட்ட அறை! கிழக்கே ஜன்னல் கிடையாது, வருடம் முழுக்க வெயில் எட்டிப் பார்க்காது. பன்றி இறைச்சி மாதக்கணக்காகக் கெடாமல் இருக்கும்."

சுத்த சைவமான பிரேமா, தூக்குவிளக்கு தொங்கிய கொக்கியை நிமிர்ந்து பார்த்தாள். சுகந்தன் என்னைப் பார்த்தான். பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்துதான் வீட்டுக்குள் வரும் என்பது, இருபது வருடம் இங்கே குப்பை கொட்டியவனுக்கு உறைக்கவில்லை. நான் சிரிப்பை அடக்க நெடுநேரம் முயலவில்லை.

பிரேமா சேலைத் தலைப்பால் பானையைத் தூக்கினாள். "வாங்கோ மச்சாள்."

"எங்கையப்பா கொண்டு போறீர்? அங்க வாஸ்து பிழை!" என்றான் சுகந்தன்.

"உங்கட அக்கினி குளிர் தாங்கேலாமல் எப்பவோ அங்க போயிட்டார்."

பழைய குசினியில் ஜன்னல் நிறைய வெயில். அடுப்பு முழங்கிக்கொண்டிருந்தது. பானையை வைத்துவிட்டு நால்வரும் மூச்சைப் பிடித்து நின்றோம். ஒன்பதுக்குச் சற்று முன்னால் பால் நுரைத்து எழுந்தது. விளிம்பைத் தாண்டும் நேரம், ஐயோ வீணாகிறதே என்று ரோசா பானையை இறக்கப் பாய்ந்தார். நான் அவர் கையை எட்டிப் பிடித்தேன். "விடுங்கள்! இதற்காகத்தான் சிட்னியிலிருந்து வந்தேன்." பால் பொங்கி வழிந்து அடுப்பில் சீறியது. சுகந்தன் கண்ணைத் துடைத்தான், புகை என்றான். எனக்கும் புகைதான்.

திங்கள் காலை ரயிலுக்குக் கிளம்பினேன். ஓர் இரவுக்கான உடுப்போடு வந்த பிரேமா, வடக்கு ஜன்னலில் கதிரை மேல் ஏறித் திரைச்சீலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அடி கறுத்த பானையைத் தரச் சொன்னேன்.

"அது இனி இந்த அடுப்புக்கு, மச்சாள்" என்றாள், திரும்பாமலே.

வெஸ்ட்மீடில் என் குசினிக்கு ஜன்னலே கிடையாது. ரயிலில் மடி வெறுமையாக இருந்தது. பானை போனால் போகட்டும், வீடு நிலைத்துவிட்டது.