வெயிலில் தெரியாத தீ

போன வாரம் விழுப்புரத்தில் சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். ஊசி என்றாலே எனக்கு உதறல். தலை நரைத்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து லேப் பெண்ணுக்குச் சிரிப்பு. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து முழங்கையின் உள்பக்கம் தேய்த்தாள். ஜில்லென்றது. வாசனை மூக்கில் ஏறியது. "இன்னும் குத்தவே இல்லீங்க, அதுக்குள்ள கண்ணு கலங்குது?" என்றாள். பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும்.

ஸ்பிரிட் வாசனை வந்தால் உங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கு முதலில் வருவது ஒரு கப்பல். ஆஸ்பத்திரி அதற்கு அப்புறம்தான். கப்பல் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், என் கை நீளம்கூட இருக்காது. ஆனால் நிஜமான நீராவியில் ஓடிய கப்பல்.

அதைச் செய்தவர் என் அக்கா மேரியின் கணவர் சவரிநாதன். திண்டிவனத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார், பம்ப்செட் ஷாஃப்ட் கடைவதுதான் பிழைப்பு. பொம்மையார்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த வெள்ளைக்காரர், உள்ளங்கையில் வைத்து மூடிவிடக்கூடிய ஒரு நீராவி இன்ஜினை வளைந்த ஷாஃப்டோடு மாமாவிடம் ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். மாமா புதிதாகவே ஒன்று கடைந்து போட்டுக்கொடுத்தார். ஊருக்குக் கிளம்பும்போது அந்த மனிதர் இன்ஜினை மாமாவுக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றோடு சரி. அதை வைத்து ஒரு கப்பல் செய்து ஓட்டிவிட வேண்டும் என்ற வெறியில் மாமாவுக்குச் சோறு தண்ணி மறந்துபோனது.

அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் திண்டிவனம் பஸ் பிடித்துவிடுவேன். அக்காவின் மீன்குழம்பு ஒரு காரணம், இந்த இன்ஜின் இன்னொன்று. எனக்கு ஸ்க்ரூ டிரைவரை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது, அது வேறு விஷயம். டார்ச் பிடிக்கிற வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்.

பாய்லரை ஏசி மெக்கானிக்கிடம் வாங்கிய செப்புக் குழாயில் செய்தார். இரண்டு முனைக்கும் மூடி போட்டு, ஃப்ரிட்ஜ் குழாய் ஒட்டுகிற ஆளைக் கூட்டிவந்து வெள்ளி வைத்துப் பற்றவைத்தார். "ஈயத்துல ஒட்டனா தண்ணி வத்துனதும் உருகிப் பூடும் மச்சான். அப்புறம் குண்டுதான்" என்பார். சேஃப்டி வால்வை மூன்று தடவை கடைந்து தூக்கிப்போட்டுவிட்டு நாலாவதைத்தான் மாட்டினார். முதலில் நீராவியே வேண்டாம் என்று பச்சைத் தண்ணீரை பம்ப் வைத்து ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்த்தார். அவ்வளவு ஜாக்கிரதை. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் அவரைப் பற்றி என்னென்னவோ சொன்னார்கள்.

அக்கா கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பாள். "கொயந்த இல்லாத கொறைய உங்க மாமா தீத்துக்கினு கீறாரு. பாய்லரத்தான் மடில வச்சிக்கினு தூங்கறாரு." சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். இதையே ஒரு தடவை வல்லம் பக்கத்தில் எங்கள் ஊரில், அம்மாவின் எதிரில் சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை.

கப்பலை ஏரியில் விட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக ஒலக்கூர் பக்கம் ஒரு ஏரிக்குப் போனோம். அக்கா கோயிலுக்குக் கட்டிய பாலியஸ்டர் புடவையோடு வந்தாள். அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பை. கரையில் புளியமரத்து நிழலில் கடை பரப்பினோம். பாய்லரில் முக்கால் பாகம் தண்ணீர், சிலிண்டருக்குச் சொட்டு எண்ணெய், பாய்லருக்கு அடியில் இருக்கும் தகரத் தொட்டியில் ஸ்பிரிட். கொளுத்தியதும் நிழலில் நீலமாக எரிந்தது. மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டு காத்திருந்தோம். பாய்லர் முனக ஆரம்பித்ததும் மாமா சக்கரத்தை விரலால் சுண்டினார். புளிச்சென்று வெந்நீரைத் துப்பிவிட்டு நின்றது. மறுபடி சுண்டினார். மறுபடி துப்பியது. "இன்னாடா இது பேஜாரா கீது" என்று அவர் அலுத்துக்கொண்ட நேரத்தில் பிடித்துக்கொண்டது பாருங்கள், தையல் மெஷின் மாதிரி படபடவென்று!

தண்ணீரில் விட்டார். போனது. "ஏய், போவுதுடா! நெசமாவே போவுது!" என்று அக்கா கைதட்டிக் குதித்தாள். அவளை அப்படி நான் பார்த்தது அன்றுதான் கடைசி.

வேகம் குறைந்ததும் மாமா முழங்கால் தண்ணீரில் இறங்கி எடுத்து வந்து, கரையோரத்திலேயே இரண்டு செங்கல்லின்மேல் வைத்தார். அங்கே நிழல் இல்லை, உச்சி வெயில். குனிந்து தொட்டியைப் பார்த்தார். "அணஞ்சிடுச்சி. கொஞ்சம் ஊத்து மேரி." நானும் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். தீ இல்லை. பட்டறை இருட்டிலேயே கொளுத்திப் பழகியவர்கள் நாங்கள். ஸ்பிரிட் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது.

அக்கா ஊற்றினாள். பாட்டில் குப்பென்று துள்ளிக் கையிலிருந்து நழுவியது. "ஐயோ சுடுது" என்றாள். புகை இல்லை, நெருப்பு இல்லை. "கட்டெறும்பாக்கா?" என்று கேட்டேன், நம்புவீர்களா? புடவையில் தானாக ஓட்டைகள் விழுந்து பெரிதாகின. அதற்குப் பிறகுதான் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மாமா அவளை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தார்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மாஜிஸ்திரேட் வந்து அக்காவிடம் வாக்குமூலம் வாங்கினார். "நெருப்பே இல்லீங்க. சும்மாவே சுட்டுச்சி. அவரு ஒண்ணும் பண்ல" என்றாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். நெருப்பே இல்லாமல் எரிந்தேன் என்று ஒரு பெண் சொன்னால் யார் நம்புவார்கள்? "புருசன காப்பாத்தறா பாவி மவ" என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். அக்கா போய்விட்டாள். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகாததால் ஆர்.டி.ஓ. விசாரணை வந்தது. அம்மா புகார் எழுதிக் கொடுத்தாள். பிள்ளை இல்லை என்று கொளுத்திவிட்டான் என்றாள். மாமாவின் வெந்துபோன உள்ளங்கைகளைக்கூட, பிடித்துவைத்துக் கொளுத்திய கை என்றார்கள். அக்காவைக் கல்லறையில் வைத்தபோது அவர் கட்டுப் போட்ட கையோடு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அக்கா சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் பொய் சொல்லத் தெரியாதவள். நெருப்பே இல்லை என்றால் இல்லைதான். பட்டறைக்குப் போய் மிச்சமிருந்த ஸ்பிரிட்டை ஒரு தட்டில் ஊற்றி, வாசலில் வெயிலில் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். பார்த்துவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் மத்தியானம் தட்டோடு ஸ்டேஷனுக்குப் போனேன். அம்மாவும் அங்கே இருந்தாள். இன்ஸ்பெக்டர், "ஸ்டவ் வெடிச்சிதுன்னு சொல்றவன தெனம் பாக்கறேன். கப்பலால எரிஞ்சான்னு சொல்றவன இப்பதான்யா பாக்கறேன். தடிமாடு மாதிரி ஆம்பள, பொம்மக் கப்பல் வுட்டானாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "செத்தது உங்கூடப் பொறந்தவ. நீ அவனுக்கா பேச வந்த?" என்றார்.

"எங்கக்காவுக்குத்தான் சார் பேச வந்தேன்" என்றேன். எனக்கு அதிகாரிகள் என்றாலும் உதறல்தான். ஸ்டேஷன் வாசலில் வெயிலில் தட்டை வைத்து ஸ்பிரிட்டை ஊற்றினேன். தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினேன்.

"ம், கொளுத்து" என்றார்.

"கொளுத்திட்டேன் சார்."

"எங்கடா?"

கையில் இருந்த காகிதத்தைத் தட்டின்மேல் நீட்டினேன். அது தானாகக் கறுத்துச் சுருண்டது. இன்ஸ்பெக்டர் விரலைக் கொண்டுபோய்ச் சட்டென்று இழுத்துக்கொண்டார். பிறகு ரைட்டரைக் கூப்பிட்டு, "இத பாருய்யா" என்றார்.

அம்மா மட்டும் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "அக்காவ தின்னவனுக்கு வித்த காட்டறான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாமாவை விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் நேராக எங்கள் ஊருக்கு வந்தார். அம்மா தெருமண்ணை வாரி அவர்மேல் தூற்றினாள். "நீ நாசமாப் போவ" என்றாள். துடைத்துக்கொள்ளாமல் நின்றார். "ஒரே ஒரு தபா அந்தத் தட்ட பாருங்க அத்த" என்று மட்டும் கேட்டார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். பட்டறையை விற்றுவிட்டு அவர் ஓசூர் போனார். எப்போதாவது போன் செய்வார். "அத்த பாத்தாங்களா?" இதைத்தான் கேட்பார். வீட்டில் அவர் பேரை எடுக்கவே முடியாது. அப்புறம் ஒரு நாள் அவர் போனிலிருந்து வேறு யாரோ பேசினார்கள். மாரடைப்பு. நான் மட்டும் போய் மண் போட்டுவிட்டு வந்தேன். கடைக்குச் சரக்கெடுக்கப் போனதாக அம்மாவிடம் சொன்னேன்.

இப்போது அந்தப் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. ஏரியில் முள்மரம் மண்டிக் கிடக்கிறது. கப்பலைப் போலீஸ் எடுத்துப் போனதோடு சரி.

அம்மா படுக்கையில் விழுவதற்கு முந்தின கோடையில், என்ன தோன்றியதோ, "அத எனக்கு ஒரு தபா காட்டுடா" என்றாள். வாசலில் வைத்துக் கொளுத்தினேன். கிட்டே வந்து உட்கார்ந்து வெகுநேரம் வெறும் தட்டையே பார்த்தாள். கையை நீட்டினாள். நான் பிடித்து இழுக்கும்வரை எடுக்கவே இல்லை. சிவந்துபோன விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளைய வரச் சொல்லுடா. ஒரு வாய் சோறு போடணும்" என்றாள்.

"சொல்றேம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? சாகும்வரை தினமும் கேட்டாள். வாசலில் பைக் சத்தம் கேட்டால், "மாப்பிள்ளையா பாரு" என்பாள். நானும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இப்போது அப்படிக் கேட்பதற்கும் வீட்டில் ஆள் இல்லை.