வியாழனுக்குப் பத்துப் படம்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்கு வருத்தமில்லை. நடந்தது 1957, மே மாதம் பதினாறாம் தேதி, வியாழக்கிழமை. இடம், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய நோரிஸ் ரோட்டில் ஒரு வாடகை வீட்டின் பின்கட்டு. ஆள், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த அழகப்பன். அவரே என்னிடம் சொன்னார், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டே. பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று அவரைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் எல்லாமே அவர் சொன்ன ஒரு பொய்யில்தான் தொடங்கியது.

அழகப்பனுக்கு வானத்தின் மேல் பித்து. பின்கட்டில், துணி காயப்போடும் கம்பிக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே ஒரு சிறிய தொலைநோக்கி வைத்திருந்தார். தகரக் குழாய், அடியில் ஆறங்குலக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியை ஆறு மாதம் கையாலேயே தேய்த்துக் கொடுத்தவர் நூருல் அமீன். சிராங்கூன் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், அழகப்பனின் உயிர்க்கூட்டாளி.

கிரகத்தைப் படம் பிடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. கேமராவின் விசையைத் தட்டினாலே குழாய் நடுங்கும், படம் கலங்கிவிடும். அதனால் குழாயின் வாயைக் கறுப்பு அட்டையால் மறைத்துக்கொண்டு, விசையை முதலில் திறந்து வைத்துவிடுவார்கள். நடுக்கம் அடங்கியதும் ஒருவர் அட்டையை விலக்கி, மூன்று எண்ணி, மறுபடி மூடுவார். அந்த மூன்று எண்ணுக்குள் கிரகம் நகர்ந்துவிடாமல் இன்னொருவர் ஒரு திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார். திருகு அழகப்பனுடையது, அட்டை அமீனுடையது. "ஒண்ணு... ரெண்டு... மூணு... மூடிட்டேன்" என்பார் அமீன். நாலு வருஷமாக அதே ராகம்தான்.

முந்தின செப்டம்பரில் செவ்வாய் பூமிக்கு நெருங்கி வந்தது. இருவரும் சேர்ந்து பிடித்த படம் நன்றாக வந்துவிட்டது. பத்திரிகைக்காரர் ஒருவர் அழகப்பனின் ஆபீசுக்கே தேடி வந்து, தனியாகவா எடுத்தீர்கள் என்று கேட்டார். சுற்றி ஆபீஸ் ஆட்கள் நின்றார்கள். பெரிய துரையும் நின்றார். அழகப்பன் "ஆமா" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னார். மறுநாள் கொட்டை எழுத்தில் அவர் பெயர் மட்டும் வந்தது.

அதன் பிறகு அமீன் வரவில்லை, அழகப்பனும் கூப்பிடவில்லை. போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். வெட்கம் விடவில்லை. அமீனின் கடையைத் தாண்ட வேண்டுமே என்று எட்டு மாதம் ரேஸ் கோர்ஸ் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வருஷம் தவறாமல் அமீன் வீட்டில் சாப்பிடும் பெருநாள் பிரியாணிக்கும் அந்த வருஷம் போகவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்குக் காலும் சேர்ந்து குறுகுறுத்தது.

சரி, அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். மணி 7.15. மனைவி மங்களம் கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது, தலைக்கு மேலே வியாழன் கிரகம். அமீன் இல்லாத இந்த எட்டு மாதத்தில் ஒரு கையில் திருகும் ஒரு கையில் அட்டையுமாக அழகப்பன் எடுத்த படமெல்லாம் குப்பைக்குத்தான் போனது. அன்றைக்கும் விதியே என்று கேமராவைப் பொருத்தினார். அட்டை உள்ளே சமையல்கட்டு ஆணியில் தொங்கியது. எடுத்துவரத் திரும்பினார்.

7.20.

"திறக்கவா?"

குழாயின் வாயருகே அமீன் நின்றார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி. முகம் இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

பின்வாசல் தாழ்ப்பாள் போட்டிருந்ததே, எப்படி வந்தார், அட்டையில்லாமல் எதை வைத்து மூடுவார் என்றெல்லாம் கேட்க அழகப்பனுக்குத் தோன்றவில்லை. வந்துவிட்டானே என்றுதான் தோன்றியது. கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்து முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் சட்டென்று குனிந்து, கேமராவின் விசையைத் திறந்துவிட்டுத் திருகைப் பிடித்துக்கொண்டார்.

"திற" என்றார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... மூடிட்டேன்."

அதே குரல், அதே ராகம். அழகப்பன் அடுத்த படத்துக்குப் பிலிமைச் சுற்றினார். இந்தப் படம் முடிந்ததும் கேட்டுவிடலாம் என்று நினைத்தார். முடிந்தது, கேட்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது... ஒவ்வொன்றுக்கும் அதே நினைப்புத்தான்.

ஐந்தாவது படத்தில்தான் முதல் உறுத்தல். அமீன் பின்கட்டில் கால் வைத்தாலே கோழிகள் கொக்கரிக்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. அழகப்பன் கொசுக்கடி தாங்காமல் காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். அமீன் ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

ஏழாவது படத்துக்கு முன்னால் கேமரா வழியே கிரகத்தைப் பார்த்தார். ஆள் உடம்பின் சூடு குழாயின் வாயில் பட்டால், உள்ளே கிரகம் கொதிக்கும் கஞ்சி மாதிரி தளும்பும். அமீன் பக்கத்தில் நின்றாலே தளும்பும். தள்ளி நில்லுய்யா என்று அழகப்பன் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார்.

அன்று தளும்பவில்லை.

வியாழனின் பட்டைகள் கோடு போட்டதுபோல் அசையாமல் நின்றன. அங்கே ஆளே இல்லாததுபோல...

அழகப்பன் நிமிராமல் திருகையே பிடித்துக்கொண்டிருந்தார்.

எட்டு.

ஒன்பது.

"திறக்கவா?"

7.52. பத்தாவது படம்.

"திற."

"ஒண்ணு..."

இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று ஏனோ தோன்றியது.

"ரெண்டு..."

"அமீன்... அந்தப் பேப்பர் விஷயம்..."

மூன்று வரவில்லை.

அழகப்பன் காத்திருந்தார். திருகை விட்டுவிட்டார்.

"அமீன்?"

நிமிர்ந்தார்.

யாரும் இல்லை.

பின்வாசல் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ஓடிப்போய்ச் சமையல்கட்டில் விளக்கைப் போட்டார். கறுப்பு அட்டை ஆணியிலேயே தொங்கியது. அதன் மூலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை, அறுபடாமல்.

அன்றிரவே குளியலறையை இருட்டாக்கிப் பிலிமைக் கழுவினார். ஒன்பது படம், அவர் வாழ்நாளிலேயே இவ்வளவு துல்லியமாக எடுக்காத ஒன்பது படம். பத்தாவதில் கிரகம் இல்லை. நடுவில் தொடங்கி ஓரம்வரை ஓடி வெளியே போய்விட்ட ஒரு வெள்ளைக் கோடுதான் இருந்தது. மூட ஆள் இல்லாத படம் அப்படித்தான் வரும்.

விடிந்ததும் ஒரு படத்தை அச்செடுத்தார். பின்னால் இரண்டு பெயரையும் எழுதினார். நூருல் அமீன் என்று முதலில், அழகப்பன் என்று அடுத்து. மத்தியானம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எட்டு மாதத்துக்குப் பிறகு சிராங்கூன் ரோடு வழியாகவே நடந்தார்.

கடை பூட்டியிருந்தது. பக்கத்துத் துணிக்கடை அப்துல் மஜீது இவரைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

"உங்களுக்குச் சேதி தெரியாதா? ஞாயித்துக்கிழமை கடையிலயே விழுந்துட்டாரு. நேத்து மௌத்து. இன்னிக்குக் காலையில அடக்கம் பண்ணியாச்சு லா."

ஐந்து நாளாகக் கடை பூட்டிக் கிடந்திருக்கிறது. சுற்றிக்கொண்டு போனவருக்கு அது எப்படித் தெரியும்? மஜீது இன்னொன்றும் சொன்னார். பத்திரிகையில் வந்த அந்தச் செவ்வாய்ப் படத்தை அமீன் வெட்டியெடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தாராம். கண் சோதிக்க வருகிறவர்களிடமெல்லாம் என் கூட்டாளி எடுத்தது என்று காட்டுவாராம். அதைக் கேட்டபோது அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கியிருக்கக் கூடாதா என்று இருந்ததாக அழகப்பன் என்னிடம் சொன்னார்.

அமீனின் வீட்டுக்குப் போனார். கூடத்தில் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அமீனின் மனைவி மைமூன், கணவனை இழந்தவர்கள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் இருந்ததால் வெளியே வரவில்லை, திரைக்குப் பின்னால் இருந்தே பேசினாள்.

"நாலு நாளா ஆஸ்பத்திரியில பேச்சு மூச்சில்ல அண்ணே. நேத்து ஏழு இருபதுக்குத் திடீர்னு கையத் தூக்கினாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, மூடிட்டேன்னாங்க. அப்படியே ஒம்பது தடவ. பத்தாந்தடவ ரெண்டோட நின்னுபோச்சு. நர்சு மிஸ்ஸி வந்து நாடியப் பிடிச்சுப் பார்த்துட்டு மணிய எழுதினாங்க. ஏழு அம்பத்திரண்டு."

கூடத்தில் எல்லாரும் அழகப்பனைப் பார்த்தார்கள். மைமூன் மெல்லக் கேட்டாள்.

"நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் கடைசிவரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க என்னத்த எண்ணினாங்க அண்ணே? உங்களுக்குத் தெரியுமா?"

சட்டைப் பையில் படம் இருந்தது. எடுத்துக் கொடுத்து, அவன் எண்ணியது இந்தப் படத்துக்குத்தானம்மா, இது எங்கள் இருவரின் வேலை, அந்தச் செவ்வாய்ப் படத்தில் பாதி அவனுடையது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பத்திரிகையில் வந்த பொய்யையும் சொல்ல வேண்டும், அதுவும் இத்தனை பேர் முன்னால். அன்று ஆபீசில் சுற்றி நின்றவர்களுக்குப் பயந்த அதே நாக்கு, இன்றைக்கும் அதே மாதிரி புரண்டது.

"தெரியலம்மா" என்றார் அழகப்பன்.

தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்ட வாசலுக்கு வந்தார்.

"மூணு..."

அப்படியே நின்றுவிட்டார்.

"மூடிட்டேன்."

குரல் கூடத்திலிருந்து வரவில்லை. அவருடைய தோளுக்குப் பின்னால், காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.