நடுச்சாமத்து இங்கிலீஷ்

சுவிஸில, எம்மன்புரூக்கேயில நாங்கள் இருந்த வீட்டுக்கு, கேபிள் வாடகையோட சேர்ந்து வந்தது. வேண்டாமெண்டாலும் விடமாட்டினம். முப்பது சொச்சம் சனல். முக்கால்வாசி ஜேர்மன், மிச்சத்தில பிரெஞ்சும் இத்தாலியனும். எல்லாத்துக்கும் கடைசியில ரெண்டு அமெரிக்கன் சனல் கிடந்தது. அதைக் கண்டுபிடிச்சது நாங்களில்லை. ஒருநாள் ரிமோட்டுக்கு மேல நான் குந்திப்போட்டன், அது தானாப் போய் அங்க நிண்டிட்டுது.

நாங்கள் எண்டால் நானும் அண்ணையும். கூடப்பிறந்த அண்ணை இல்லை. ஒரு அறையில ரெண்டு கட்டிலைப் போட்டுக்கொண்டு இருந்தனாங்கள், என்னை விடப் பத்து வயசு மூப்பு, அதால அண்ணை. அவருக்கு இரும்புத் தொழிற்சாலையில பின்னேர வேலை. நான் லுட்ஸேர்னில ஒரு ரெஸ்டோரண்டில கோப்பை கழுவினன். ரெண்டு பேரும் வீட்டை வந்து சேரப் பதினொண்டரை தாண்டும். உடம்பு நோகும், ஆனால் நித்திரை வராது. சோத்தைச் சூடாக்கிக்கொண்டு ரீவிக்கு முன்னால இருப்பம். அந்த நேரத்தில ஜேர்மன் சனல்களில வாற படங்களை ரெண்டு ஆம்பிளையள் பக்கத்தில பக்கத்தில இருந்து சோறு தின்னுகொண்டு பாக்க ஏலாது. அதாலதான் அமெரிக்கா.

கோட்டுப் போட்ட ஒரு மனுசன் மேசைக்குப் பின்னால இருப்பார். பக்கத்துக் கதிரையில ஒரு நடிகையோ விளையாட்டுக்காரனோ வந்து குந்தும். என்ன கதைச்சாலும் சனம் சிரிக்கும். அதில சிரிக்க என்ன கிடக்கெண்டு எங்களுக்கு விளங்காது. அண்ணை சனத்தைப் பாத்துத் தானும் சிரிப்பார், கொஞ்சம் பிந்தி. அது முடியச் சாமான் விக்கிறவை வருவினம். ஒருத்தன் கத்தியால தோல் சப்பாத்தை வெட்டிப்போட்டு, அதே கத்தியால தக்காளியைத் தாள் மாதிரிச் சீவுவான். மற்றவன் வயித்தைக் குறைக்கிற மெசினில படுத்துக்கிடந்து சிரிப்பான். ஓடர் பண்ணக் காட்டுற ரெலிபோன் நம்பர் இஞ்சையிருந்து வேலை செய்யாது. அண்ணை அடிச்சுப் பாத்தவர்.

அண்ணையின்ர மனுசி கனடாவில. ஊரில கலியாணம் கட்டி நாலு மாதம் ஒண்டா இருந்தவை. பிறகு அவவைத் தமையன் கனடாவுக்குக் கூப்பிட்டிட்டான். இவரை ஏஜென்சிக்காரன் பாதிவழியில சுவிஸில இறக்கிப்போட்டுத் தலைமறைவாகிவிட்டான். ஆறு வருசம் அப்பிடியே போச்சுது. அவ ஸ்பொன்சர் பண்ணி, பைல் ஆடி அசைஞ்சு வந்து, கடைசியா பேர்ணில, கனடாத் தூதரகத்தில நேர்முகத்துக்கு ஒரு நாள் குடுத்திச்சினம். இதில சரியெண்டால் அவர் மனுசியோட போய்ச் சேருவார். இல்லையெண்டால் திரும்ப முதலில இருந்து. மொழிபெயர்ப்பாளர் தேவையெண்டால் அறிவிக்கவும் எண்டு கடிதத்தில ஒரு வரி இருந்தது.

தேவையில்லை எண்டு எழுதச் சொன்னவன் நான்தான். என்ர அகதி விசாரணையில வந்த மொழிபெயர்ப்பாளர், நான் சொன்ன பத்து வசனத்தை ரெண்டு வசனமாக்கி முடிச்சவர். அந்தக் கொதி எனக்கு அடங்கேல்லை. அண்ணைக்காகச் சொன்னனோ, என்ர கோவத்துக்காகச் சொன்னனோ, எனக்கே தெரியாது. ரெண்டு வருசமா ரீவியில கேக்கிற இங்கிலீஷ் காணும், நான் பழக்கிவிடுறன் எண்டன். அவரும் பாவம், நம்பினார்.

காலமை தேத்தண்ணியோட பழக்கம் நடக்கும். நான் தூதரகத்து ஆள், அவர் அவர்தான். நீர் கலியாணம் கட்டினனீரோ, எப்ப கட்டினனீர், பிள்ளையள் இருக்கோ எண்டு நேருக்கு நேராக் கேப்பன். அவருக்கு வந்த இங்கிலீஷ் முழுக்கக் கத்தி விக்கிறவன்ர இங்கிலீஷ். மனுசியை விரும்புறீரோ எண்டு கேட்டால் “நூறு வீதம் கேரண்டி” எண்டு சொல்லுவார். உது சரிவராது அண்ணை எண்டு பேசுவன். நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒண்டுதான்: முணுமுணுக்காதேங்கோ, அந்தக் கதிரையில வந்து இருக்கிறவை மாதிரி நிமிந்து இருந்து பட்டெண்டு பதில் சொல்லுங்கோ. சும்மா சொல்லக்கூடாது, அதை அவர் நல்லாப் பிடிச்சுக்கொண்டார்.

நேர்முகம் முடிஞ்சு கேக் பெட்டியோடதான் வந்தார். கேட்டது ஒரு பொம்பிளையாம், நல்ல மாதிரியாம், எல்லாக் கேள்விக்கும் பட்டெண்டு சொல்லிப்போட்டாராம். கேக்கைத் திண்டம்.

ஆறேழு கிழமையால கடிதம் வந்தது. அகராதியை வைச்சுக்கொண்டு நான்தான் வாசிச்சன். உமக்கு முந்தி ஒரு கலியாணம் நடந்ததெண்டும் பிள்ளையள் இருக்கெண்டும் நேர்முகத்தில சொன்னீர், விண்ணப்பத்தில அப்பிடி இல்லை, ஒரு மாதத்துக்குள்ள விளக்கம் தரவும் எண்டு இருந்தது. அண்ணைக்கு முகம் செத்துப்போச்சு. தான் அப்பிடி ஒரு சொல்லும் சொல்லேல்லை எண்டு சத்தியம் பண்ணினார்.

அவள் கேட்டதை அப்பிடியே சொல்லுங்கோ எண்டன். யோசிச்சு யோசிச்சுச் சொன்னார். இதுக்கு முதல் நீர் கலியாணம் கட்டேல்லை? எண்டு கேட்டவளாம். இவர் “யெஸ்” எண்டவராம். உமக்குப் பிள்ளையள் இல்லை? எண்டு கேட்டவளாம். அதுக்கும் “யெஸ்.”

“ஓம் தானே தம்பி, இல்லைத்தானே?” எண்டார்.

எனக்கும் உடன விளங்கேல்லை. சாப்பிடேல்லையோ எண்டு கேட்டால், சாப்பிடாதவன் ஓம் எண்டுதான் சொல்லுவான். நாங்கள் கேட்டவரின்ர சொல்லுக்கு ஓம் போடுறனாங்கள். இங்கிலீஷ்காரன் நடந்த விசயத்துக்கு யெஸ் போடுறான், நடக்காட்டி நோ. அண்டைக்குச் சாமம் ரீவியில அந்த மேசைக்காரர் ஒரு நடிகையிட்ட உமக்கு நீந்தத் தெரியாதாம் எண்டு கேட்டார். அவள் தலையை ஆட்டி “நோ” எண்டாள். சனம் சிரிச்சுது. அண்ணை சிரிக்கேல்லை. ரெண்டு வருசமா இது என்ர காதுக்குள்ளால போய்க்கொண்டுதான் இருந்தது. பெரிய வாத்தியார் நான். எனக்கு வெக்கமாக் கிடந்தது.

பிழையைத் திருத்தவெண்டு வெளிக்கிட்டன். திரும்பக் கூப்பிட்டாலும் கூப்பிடுவினம், இனி இல்லாத விசயம் எதைக் கேட்டாலும் நோதான் எண்டு பழக்கினன். உமக்குக் கார் இல்லையோ? நோ. நீர் சிகரெட் பத்திறதில்லையோ? நோ. முதலில தடக்குப்பட்டார். ரெண்டு கிழமையில வாய் பழகிவிட்டுது. சோறு போடேல்லையோ எண்டு நான் சும்மா கேட்டாலும் “நோ” எண்டு வரும். நான் சந்தோசப்பட்டன்.

அந்தக் கடிதத்தின்ர பிரதி ஸ்பொன்சர் எண்டு மனுசிக்கும் போயிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. அவவுக்கு முதல் தமையன்தான் வாசிச்சவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெலிபோன் வந்தது. நான் மேசையில இருந்து விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறன். அதில அவவும் கையெழுத்து வைச்சு அனுப்பினால்தான் செல்லும். இரும்புச் சத்தத்தில அண்ணைக்குக் காது கொஞ்சம் மந்தம், போனில சத்தத்தைக் கூட்டித்தான் வைச்சிருந்தவர். அதால அவ கதைக்கிறது எனக்கும் கேட்டது.

அவ அழேல்லை, கத்தேல்லை. தமையன் என்னெல்லாமோ சொல்லுறான், தான் நம்பேல்லை, உங்கட வாயால ஒருக்காக் கேட்டால் காணும் எண்டா. பிறகு கேட்டா:

“எனக்கு முதல் நீங்கள் ஒருத்தியையும் கட்டேல்லைத்தானே?”

“நோ” எண்டார் அண்ணை. சொன்ன உடனே, “இல்லை” எண்டார்.

“இல்லையோ? இல்லையெண்டால் என்னப்பா?”

எது தமிழ், எது மற்றது எண்டு அவருக்குப் பிடிபடேல்லை. ரெண்டு கிழமையா நான் செய்த வேலை அது. என்னைப் பாத்தார், சோதினையில பதில் மறந்த ஆள் மாதிரி. எனக்குப் பதகளிப்பில புத்தி வேலை செய்யேல்லை.

“ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை, ஓம், கட்டேல்லை எண்டு சொல்லுங்கோ,” எண்டு உரத்துச் சொல்லிப்போட்டன்.

ஆர் பக்கத்தில நிண்டு சொல்லித் தாறது எண்டு அவ கேட்டா. ஒருத்தரும் இல்லை எண்டார் அண்ணை.

“பக்கத்தில ஒருத்தரும் இல்லையோ?”

“ஓம்.”

அண்டைக்கு அவர் தடக்குப்படாமல் சொன்ன பதில் அது ஒண்டுதான். அவ போனை வைச்சிட்டா. விளக்கத்துக்குத் தந்த மாதம் முடிஞ்சுது, அவவின்ர கையெழுத்து வரேல்லை.