பாங்கோடு விழுந்த கோல்

பள்ளிவாசல் மோதினார் கச்சிமுகம்மது தன் வாழ்நாளில் ஒரு உதைபந்தாட்டப் போட்டியின் முடிவைக்கூடத் தன் கண்ணால் பார்த்ததில்லை.

பிடிக்காமல் அல்ல. கல்முனைக் கடற்கரை மைதானத்தில் பிறைச்சுடர் கழகம் விளையாடுகிற நாளென்றால், பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த கையோடு முதல் ஆளாக வந்து தென்னையடியில் குந்துகிறவர் அவர்தான். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. எங்கள் பொடியன்கள் பந்தைத் தவறவிட்டால் அந்தக் குடை மணலில் ஓங்கிக் குத்தும். நல்லபடியாகக் கடத்திக் கொடுத்தால் பட்டென்று விரியும்.

"குடைய மடக்குங்க மோதினார், கோல் மறைக்கிது" என்று பின்னாலிருந்து யாராவது சத்தம் போடுவார்கள்.

"நம்முடவனுகள் அடிச்சாத்தானே மறைக்கிறதுக்கு" என்பார் அவர், திரும்பிப் பாராமலே.

தென்னைகளின் நிழல் நீண்டு அலைவாய்க் கரையைத் தொட்டதும் எழுந்துவிடுவார். ஆட்டம் எவ்வளவு சூடாக இருந்தாலும் சரி, மனமில்லாத கால்களை இழுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவார். ஹவுள் தொட்டியில் கைகால் கழுவி ஒளுச் செய்து, ஒலிபெருக்கியின் முன்னால் நின்று, அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்லி அழைப்பார். ஆட்டம் எப்படி முடிந்தது என்பதைத் தொழ வருகிறவர்கள் ஹவுளடியில் விரலைக் காட்டிச் சொல்வார்கள். இரண்டு விரல் என்றால் இரண்டு கோல். அந்த விரல்களைப் பார்த்துத்தான் இருபது வருடமாக அவர் சந்தோசப்பட்டார், துக்கப்பட்டார்.

அவருக்கு ஒரே மகள், ஸுல்பிகா. தாயில்லாப் பிள்ளை. அவளுக்கு மாப்பிள்ளையாக ஒலுவிலில் இருந்து பக்கீர் முகைதீன் வந்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வர வேண்டும். பக்கீர் வந்தபோது அவனுடைய கால்களும் கூட வந்தன. ஒலுவில் அணிக்கு ஆடியவன் அன்றிலிருந்து பிறைச்சுடர்க்காரன்.

"மோதினார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கல்ல. கழகத்துக்கு ஆள் எடுத்தவர்" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். மோதினாரும் சேர்ந்து சிரித்தார். மாமனும் மருமகனும் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். அன்றைய ஆட்டத்தின் கடைசிப் பகுதியைப் பக்கீர் சோற்றுக் கவளங்களை வைத்துத் தட்டிலேயே நடத்திக் காட்டுவான். "இது நான். இது அவனுகள்ள பேக், தடுக்க வாறவன். இப்பிடி வெட்டி, இப்பிடி எடுத்தன் மாமா." கிழவர் சாப்பிட மறந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஸுல்பிகா வந்து, "ரெண்டு பேரும் புட்போலத் திண்டு முடிங்க, தட்டுக் கழுவணும்" என்பாள்.

அந்தத் தட்டுத்தான் பிறகு இரண்டாகப் பிரிந்தது.

எழுபத்தொன்பதாம் ஆண்டு. எங்கள் மைதானத்தில் இறுதிப் போட்டி. எதிரே வந்தது ஒலுவில், பக்கீர் பிறந்த ஊர். போன வருடம் கிண்ணம் எங்களிடம் இருந்ததால், சமமாக முடிந்தாலே போதும், கிண்ணம் எங்களுக்குத்தான். அதைவிடப் பெரிய கதை ஒன்றும் ஊரில் உலவியது. கொழும்பில் ஒரு கூட்டுத்தாபனம் தன்னுடைய அணிக்கு ஆள் தேடுகிறது, கிண்ணம் வெல்கிற அணியில் இருந்து இரண்டு பேரை எடுக்கப் போகிறது, ஆட்டத்தோடு சம்பளமும் நிரந்தர வேலையும் என்று. சவூதிக்குப் போக ஏஜென்சிக்காரனைத் தேடித் திரிந்த பக்கீர் அதைக் கேட்டதும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டான். ஸுல்பிகாவின் மடியில் அப்போது மைமூனா கைக்குழந்தை.

விசில் ஊத வந்தவர் காரைதீவு அழகரெத்தினம் மாஸ்டர். இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்ட மத்தியஸ்தர். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு தலைவர்களையும் அழைத்து வழமையான நிபந்தனையை ஞாபகப்படுத்தினார். அது ஊரே போட்ட நிபந்தனை. தொழுகை நேரத்தில் மைதானத்தில் கூச்சல் கேட்கிறது என்று பள்ளிவாசல் பெரியவர்கள் குறைப்பட்ட பிறகு கழகங்கள் கூடி முடிவெடுத்திருந்தன: பாங்கு தொடங்கினால் விசில். என்ன நிலையில் நின்றாலும் ஆட்டம் அத்தோடு முடிந்தது. சாதாரணமாக அதற்கு வேலையே வருவதில்லை. பாங்குக்கு முன்னரே எல்லாம் முடிந்துவிடும்.

அன்றைக்கு முடியவில்லை. இரண்டாம் பாதியில் ஒலுவில்காரன் உதைத்த பந்து எங்கள் பொடியன் ஒருவனின் கையில் பட்டது. பட்டதா, அவன் கையால் தடுத்தானா என்று இன்றைக்கும் தீர்ப்பில்லை. மாஸ்டர் பெனல்டி கொடுத்தார். அவ்வளவுதான், கரையில் நின்ற சனம் கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கியது. முதலில் இறங்கியது ஒரு கறுப்புக் குடை.

"கண்ணத் தொறந்து பாருங்க மாஸ்டர். பந்து போய்க் கையில பட்டது, கை போய்ப் பந்தில படல்ல" என்று மோதினார் குடையை நீட்டி வாதாடினார்.

"நீங்க பள்ளியில நிக்கிற மனிசன் மோதினார். கோட்டுக்கு வெளிய போங்க" என்றார் மாஸ்டர்.

சனத்தை வெளியே அனுப்பி ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவதற்குள் வெயில் மஞ்சளாகிவிட்டது. பெனல்டி கோலானது. ஒலுவில்காரர்கள் கத்தினார்கள்: "பொஞ்சாதி ஊருக்கு உதைச்சது காணும் பக்கீர், வீட்ட வா." பக்கீர் தலையைக் குனிந்துகொண்டு பந்தை நடுவுக்கு எடுத்துப் போனான்.

நிழல் கடலைத் தொட்டது. மோதினார் எழுந்தார். போகிற வழியில் மருமகனைக் கடைசியாக ஒரு தடவை திரும்பிப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

நேரம் வந்தது. அவர் காதில் கைவைத்துத் தொடங்கினார்.

அதே கணத்தில் மைதானத்தில் பக்கீர் இரண்டு பேரை வெட்டிக்கொண்டு உள்ளே நுழைந்திருந்தான். கால் வீசியது, பந்து புறப்பட்டது. ஒலிபெருக்கியில் முதல் "அல்லாஹு அக்பர்" எழுந்தது. விசில் ஊதியது. பந்து கோல் கம்பத்தில் கட்டியிருந்த பழைய கரைவலைக்குள் போய்ச் சுருண்டு விழுந்தது.

ஊரே எழுந்து ஆர்ப்பரித்தது. அந்த ஆர்ப்பரிப்பு பள்ளிவாசலுக்குள்ளும் கேட்டது. ஒலுவில்காரன் அப்படிக் கத்தமாட்டான், இது நம்முடைய சத்தம் என்று மோதினாருக்குத் தெரிந்தது. அன்றைய பாங்கில் அவருடைய குரல் நடுங்கியது. அத்தனை உருக்கமாக அவர் பாங்கு சொல்லிக் கேட்டதில்லை என்று பெண்கள் வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அது நன்றியின் நடுக்கம். கீழே மைதானத்தில் மத்தியஸ்தர் ஒரு கையால் பள்ளிவாசலைக் காட்டி, மறுகையால் கோல் இல்லை என்று சைகை செய்துகொண்டிருந்ததை அவர் எப்படி அறிவார்?

"பந்து கால விட்டுப் போயிட்டு மாஸ்டர். பாங்கு பிறகுதான்" என்று பக்கீர் அவருடைய சட்டையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான்.

"கால விட்டுப் போனாக் கோல் இல்ல தம்பி. கோட்டத் தாண்டணும். நீங்க போட்ட நிபந்தனை இது, என்ட இல்ல."

தொழுகை முடிந்து மோதினார் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். ஹவுளடியில் நின்றவர்களின் விரல்களைத் தேடினார். யாரும் விரல் காட்டவில்லை. வாசலுக்கு வெளியே, உடம்பெல்லாம் மணலோடு, பக்கீர் நின்றான்.

"அரை நிமிசம் மாமா. ஒரு அரை நிமிசம் பொறுத்திருக்கக் கூடாதா?"

அவன் திரும்பி நடந்தான்.

கழகம் முறைப்பாடு கொடுத்தது. கோல் விழுந்த பிறகுதான் பாங்கு தொடங்கியது என்பது எங்கள் கட்சி. மைதானத்தில் நின்ற பாதிப்பேர் அப்படிச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லாம் ஒரு பக்கத்து ஆட்கள். இரண்டு ஊரும் நம்பக்கூடிய சாட்சி ஒருவர்தான் இருந்தார். பாங்கு சொன்னவருக்குத்தானே தெரியும், தான் வாய் திறந்தது ஆர்ப்பரிப்புக்கு முன்னா பின்னா என்று.

விசாரணைக்கு முதல் நாள் கழகத் தலைவர் ஆதம்பாவா, நெல் ஆலைக்காரர், மோதினாரைத் தேடி வீட்டுக்கு வந்தார். பக்கீர் சுவரோடு சாய்ந்து நின்றான்.

"பொய் செல்லுங்க எண்டு உங்களக் கேக்க எனக்கு வாய் வராது" என்றார் ஆதம்பாவா. "எனக்கு ஞாபகம் இல்ல எண்டு மட்டும் செல்லுங்க. அது காணும். மிச்சத்த நாங்க பாத்துக்குவம்."

"ஞாபகம் இரிக்கே தம்பி."

"ஊரே கேக்குது மோதினார்."

ஆதம்பாவா போன பிறகு ஸுல்பிகா குழந்தையைத் தூக்கி வந்து தகப்பனின் மடியில் வைத்தாள். "வாப்பா, இவர் சவூதிக்குப் போயிட்டா இந்தப் புள்ள ஆரத் தகப்பன் எண்டு செல்லும்?" பக்கீர் மட்டும் கெஞ்சவில்லை. "மாமாவுக்குத் தெரியும்" என்று ஒரு சொல்தான் சொன்னான். அந்த ஒரு சொல்லில் அவன் முழு நம்பிக்கையும் இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் இருந்தார்கள். மோதினார் குடையை உட்கார்ந்திருந்த வாங்குக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நான் 'அல்லாஹு அக்பர்' எண்டு முதல் தக்பீர் செல்லி முடிச்ச பிறகுதான் சனம் கத்தின சத்தம் கேட்டது" என்றார். "இன்னொண்டும் செல்லணும். பாங்கு வரைக்கும் ஆட்டம் இழுபட்டதுக்கு மாஸ்டர் காரணமில்ல. பெனல்டிக்கு முதல்ல உள்ள இறங்கினது நான். என்னப் பாத்துத்தான் சனம் இறங்கினது. அந்த நேரம் வீணாப் போகாட்டி என்ட மருமகன்ட கோல் பட்டப்பகல்ல விழுந்திருக்கும்."

பேசிவிட்டு அவர் பக்கீரைத் தேடினார். அவன் இருந்த இடம் காலியாக இருந்தது.

கிண்ணம் ஒலுவிலுக்குப் போனது. கூட்டுத்தாபனத்துக்கு அங்கிருந்து இரண்டு பேர் போனார்கள், அதில் ஒருவன் பக்கீரின் சொந்தத் தம்பி. அன்றிலிருந்து பக்கீர் தனித்தட்டில் சாப்பிட்டான். நோன்பு வந்தது, பெருநாள் வந்தது, ஒரு கூரையின் கீழே மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவில் ஒரு வார்த்தையும் வரவில்லை. அடுத்த வருடம் அவன் சவூதிக்குப் போனான். வாசலில் எல்லாரிடமும் சலாம் சொல்லி விடைபெற்றான். மோதினார் கைகளை நீட்டிக்கொண்டுதான் நின்றார். வேன் வந்துவிட்டது.

பிறகு அவன் குரலைப் பதிந்து அனுப்பும் கெசட் வரத் தொடங்கியது. அந்தக் காலத்தில் கடிதத்தைவிடக் கெசட்தான் பெரிது, ஆளே வீட்டுக்கு வந்து கதைத்த மாதிரி. கெசட் வந்த நாளில் ஸுல்பிகா டேப்பை முன்னறையில் வைப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். பக்கீரின் குரல் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிச் சலாம் சொல்லும். மைமூனாவுக்கு, அடுத்த வீட்டு ஆயிஷா உம்மாவுக்கு, ஆதம்பாவாக் காக்காவுக்கு, ஆலையில் நெல் அவிக்கிறவனுக்குக்கூட. கச்சிமுகம்மது வெளிப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். தலை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

அவன் கதைத்து முடித்த பிறகும் நாடா கொஞ்ச நேரம் வெறுமையாக ஓடும். மின்விசிறி சுற்றுகிற மாதிரி ஒரு இரைச்சல். பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். ஸுல்பிகா நிறுத்தக் கை வைப்பாள்.

"நிப்பாட்டாத புள்ள. இன்னும் ஓடுதே."

"ஒண்டுமில்ல வாப்பா, வெறும் நாடா."

"ஓடட்டும்."

டக்கென்று அது தானாக நிற்கும். அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவார். மைதானத்துப் பக்கம் அவர் போவதே இல்லை. போகிற வழியில் மைதானத்துச் சத்தம் கேட்டால் குடையை விரித்துக்கொள்வார், மழையும் வெயிலும் இல்லாத அந்த நேரத்தில்.

எண்பத்தைந்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் மூண்ட கலவரத்துக்குப் பிறகு அழகரெத்தினம் மாஸ்டரும் இந்தப் பக்கம் விசில் ஊத வரவில்லை.

எண்பத்தாறில், ஒரு நண்பகல் ளுஹருக்குப் பிறகு, மோதினார் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கீருக்குத் தந்தி போய், விடுமுறை கிடைத்து அவன் வந்து சேர்ந்தபோது கபுறின் மண் காய்ந்திருந்தது. முன்னறையில் டேப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன், தலையைத் தூக்காமல் மனைவியிடம் கேட்டான்.

"கடைசியில என்ன கதைச்சவர்?"

ஸுல்பிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாடா முடிஞ்சிட்டா எண்டு கேட்டார். ஒவ்வொரு கெசட்டும் கடைசி வரைக்கும் ஓட விடுவார். ஒரு சலாம் வரும் எண்டு காத்திருந்தார். நீங்க ஒரு கெசட்டிலயாவது செல்லல்லியே."

பக்கீர் டேப்பின் மேல் கையை வைத்தான்.

"முதல்ல செல்ல வாய் வராது. எல்லாருக்கும் செல்லிப் போட்டுக் கடைசியாச் செல்லுவம் எண்டு வைப்பன். கதையெல்லாம் முடிஞ்ச பிறகு நிப்பாட்டுற பட்டன அமத்தாம அதுக்கு முன்னால குந்திக்கிட்டே இரிப்பன். மாமா எண்டு தொடங்கணும், அவ்வளவுதான். வாயெடுப்பன். அதுக்குள்ள டக்கெண்டு நிண்டிடும்."

"அப்ப அந்த வெறும் நாடா..."

"வெறும் நாடா இல்ல. நான்தான் இரிந்தன்."

ஆறு வருடமாக ஒரே மௌனத்தின் இரண்டு முனையிலும் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். அங்கே ஒருவன் சொல்ல முடியாமல். இங்கே ஒருவர் எழுந்து போக மனமில்லாமல்.

அன்று அஸருக்குப் பிறகு பக்கீர் தனியாக மையவாடிக்குப் போனான். புதுக் கபுறின் தலைமாட்டில் நின்று, இறந்தவர்களுக்குச் சொல்கிற சலாமை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, பிறகு மெதுவாக, "அஸ்ஸலாமு அலைக்கும், மாமா" என்றான்.

மைதானத்தில் இருந்து பொடியன்களின் கூச்சல் காற்றில் வந்துகொண்டிருந்தது. அவன் அங்கேயே நின்றான். தென்னை நிழல்கள் நீண்டன. புது மோதினாரின் பாங்கு எழுந்தது, தூரத்தில் விசில் ஊதியது. அதற்குப் பிறகும் அவன் நின்றுகொண்டுதான் இருந்தான்.