பொட்டோடு போன தவணை

போர்க் காலத்தில் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பெண்கள் காலி வீதிக்கு இறங்குமுன் பொட்டை அழித்துவிடுவார்கள். தமிழர் என்று தெரிந்தால் சோதனைச் சாவடியில் மறிப்பார்கள். நானும் அழித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் அடையாள அட்டையில் பெயர் இருந்ததே. சோதனை என்று உள்ளே கூட்டிப்போன சிப்பாய் என்னைப் பலாத்காரம் செய்தான். இந்தச் சொல்லைச் சொல்லாதே என்றார்கள். எழுதியே விடுகிறேன்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். “வெளியில கதைக்காதை பிள்ளை. பிறகு உன்னை ஆர் கட்டுவினம்?” என்றார் மேல்மாடி பவானி அன்ரி.

வழக்கு விசாரணையின் முதல் தவணையில் நீதிமன்றத்தில் உட்காரும் வாங்குகள் முழுக்க அவனுடைய ஆட்கள். நானும் அம்மாவும் சுவரோரம் நின்றோம். அவர்கள் முறைத்ததில் எனக்குக் குரலே வரவில்லை. அம்மா அன்ரியிடம் சொல்லி அழுதார்.

அடுத்த தவணையன்று வாசலில் ஒரு வான் நின்றது. உள்ளே தொடர்மாடிப் பெண்கள், எல்லோர் நெற்றியிலும் பெரிய பொட்டு.

“செக்பொயிண்ட்டில மறிப்பாங்கள் அன்ரி.”

“மறிக்கட்டும். எங்க போறம் எண்டு சொல்லுவம்.” பவானி அன்ரி தன் கைப்பையிலிருந்து ஒரு பொட்டை எடுத்து என் நெற்றியில் ஒட்டினார். “அண்டைக்கு உன்னை வாய் மூடச் சொன்னனான். அது பிழை பிள்ளை.”

மறித்தார்கள். சொன்னோம். விட்டார்கள். நேரத்தோடு போய் முன்வாங்குகளை நிரப்பினோம். அவனுடைய ஆட்கள் பின்னால் நிற்க, நான் சாட்சிக் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னேன், அந்தச் சொல்லையும் சேர்த்து.

வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. அவன் முகம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. வாங்கு நிறைய இருந்த அந்தப் பொட்டுகள் மறக்கவில்லை.